உழையிருந்தார் கடன்: அறிவியலாளர் வாழ்க்கை வரலாறுகளில் அருகிருந்தோர் – ஒரு திறனாய்வு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருவர் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிப் பேசினார். இலண்டன் கூட்டத்தில் எடிங்டன் அவரை ஏளனம் செய்தார். சந்திரசேகர் பொறுமை காத்தார். 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். ஆகவே நாமும் பொறுமை காக்க வேண்டும் என்று அம்மாணவி முடித்தபோது அரங்கம் கைதட்டியது. கேள்வி நேரத்தில் நம்முடன் நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அந்தக் கூட்டத்துல வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். மாணவி சற்றே யோசித்து, "இருந்தாங்க ஐயா. ஆனா அவங்க பேரு புத்தகத்துல இல்ல" என்றார்.

அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து. அறிவியலாளர் வாழ்க்கை வரலாறுகளில் புறக்கணிப்புக்கு உள்ளானவர் ஒருவர் இருக்கிறார். புறக்கணித்தவர் ஒருவர் இருக்கிறார். இவ்விருவருக்கும் அப்பால், அதே அறையில் அமர்ந்து அனைத்தையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். நூல்கள் அவர்களை எவ்வாறு காட்டுகின்றன, அல்லது எவ்வாறு மறைக்கின்றன என்பதை ஆராய்வதே நம் நோக்கம். அறிவியல், பொறியியல் துறைகளில் பெண்களும் சிறுபான்மையினரும் ஒதுக்கப்படுவது குறித்து இன்று பல்கலைக்கழகங்கள் பயிலரங்குகள் நடத்துகின்றன. ஒதுக்குதலைக் காண்போர் வாளாவிருத்தல் கூடாது என்று அவை கற்பிக்கின்றன. எனினும், வாளாவிருந்தோரைப் பற்றி நாம் படிக்கக் கொடுக்கும் கதைகளே வாளாவிருக்குமாயின், அக்கற்பித்தல் எங்ஙனம் வேர்கொள்ளும்?

உழையிருந்தான் என்னும் சொல்

ஒரு தீங்கு நிகழும்போது அருகில் இருப்பவரைக் குறிக்க இக்காலத் தமிழில் நிலைத்த சொல் ஒன்று இல்லை. பார்வையாளர் என்றால் அவர் கட்டணம் செலுத்திக் கூத்துப் பார்க்க வந்தவராகிறார். சாட்சி என்றால் வழக்குமன்றத்தில் பின்னர்ப் பேசவேண்டியவராகிறார். அத்தகையவர் இடைபுகுந்து பேசுவதைத் தலையீடு என்றால், அஃது அவருக்கு உரிமையில்லாத செயல் என்னும் பொருள் வழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொற்களே நம்மை ஒதுங்கி நிற்கச் சொல்கின்றன எனலாம்.

திருக்குறளின் அமைச்சு அதிகாரத்தில் எட்டாவதாக அமைந்த குறள் இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகிறது. அறிந்தோர் சொல்வதை அழித்து, தானும் அறியாதவனாக ஓர் அரசன் இருப்பினும், உறுதியானதை அவனுக்கு எடுத்துரைத்தல் அருகில் இருப்பவனின் கடமை என்பது அதன் கருத்து. அமைச்சன் என்று சொல்லவேண்டிய இடத்தில் வள்ளுவர் 'உழையிருந்தான்' என்கிறார். உழை என்பது பக்கம். உரையாசிரியர்கள் அமைச்சன் என்றே பொருள்கொண்டனர், அது பொருத்தமே. ஆயினும் சொல்லின் தேர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பதவியன்று, பக்கத்தில் இருத்தலே கடனைத் தோற்றுவிக்கிறது. அரசன் கேட்பானா என்பது அக்கடனுக்கு நிபந்தனையும் அன்று.

அமைச்சியலின் இறுதி அதிகாரம் அவையஞ்சாமை. நம் பள்ளிகளில் இவ்வதிகாரம் பெரும்பாலும் மேடைப்பேச்சுத் திறனுக்கான அறிவுரையாகவே பயிற்றப்படுகிறது. கற்றிருந்தும் நல்லார் அவைக்கு அஞ்சுபவர் கல்லாதவரினும் கடைப்பட்டவர் என்று அங்கே கூறப்படுவது கூச்சத்தைப் பற்றிய கண்டனம் மட்டுமாக இருக்க இயலாது. அறிந்ததை அறிந்த இடத்தில் சொல்லாமை அறிவையே பயனற்றதாக்கிவிடுகிறது என்பதே அதன் உட்பொருளாக நமக்குத் தோன்றுகிறது. இவ்விரு இடங்களையும் அளவுகோலாகக் கொண்டு, அறிவியல் வரலாறுகளை இனி நோக்குவோம்.

1935ஆம் ஆண்டு அவை

1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930ஆம் ஆண்டு கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற சந்திரசேகருக்கு அப்போது வயது 24. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீனாக நிலைபெறுவதற்கு ஒரு நிறை வரம்பு உண்டு. ஏறத்தாழச் சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டவை அவ்வாறு நிலைபெற இயலா என்பது அவர் கண்ட முடிவு. எலெக்ட்ரான்கள் ஒளியின் விரைவை நெருங்கும்போது சார்பியல் விளைவுகளையும் கணக்கிற்கொள்ள வேண்டும் என்பதே அம்முடிவின் அடிப்படை.

அவரை அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அக்காலத்தின் தலையாய வானியற்பியலறிஞர். முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்குகளின் போக்கை விசாரித்தவரும் அவரே. தாம் மறுத்துப் பேசப்போவதை அவர் ஒருமுறையேனும் குறிப்பிடவில்லை. விண்மீன் இத்தகைய முறையற்ற போக்கில் செல்லாவண்ணம் தடுக்கும் இயற்கை விதி ஒன்று இருக்கவே வேண்டும் என்று நகைச்சுவை கலந்து பேசி, அக்கணக்கின் அடிப்படையையே அவர் மறுத்தார். சந்திரசேகருக்கு மறுமொழி கூற இடம் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் பலர் அவரிடம் வந்து வருத்தம் தெரிவித்துச் சென்றதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இதனைத் தொடர்ந்து நிகழ்ந்தவை நம் ஆய்வுக்கு மேலும் இன்றியமையாதவை. சந்திரசேகர் கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் இருந்த நண்பர் லெயோன் ரோசன்ஃபெல்டுக்கு மடல் எழுதினார். எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை என்றே தாமும் போரும் கருதுவதாக ரோசன்ஃபெல்ட் விடையிறுத்தார். வொல்ஃப்காங் பவுலியின் கருத்தும் கேட்கப்பட்டது. அவரும் சந்திரசேகரின் பக்கமே நின்றார். ஆயினும் இவர்களுள் எவரும் அதனை வெளிப்படையாக அறிவிக்க முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிசில் நடைபெற்ற அனைத்துலக வானியல் ஒன்றியக் கூட்டத்தில் எடிங்டன் மீண்டும் நெடுநேரம் பேசினார். தாம் மறுமொழி கூற விரும்புவதாகச் சந்திரசேகர் தலைவர் ஹென்றி நோரிஸ் ரசலுக்குச் சீட்டு அனுப்பினார். வேண்டாம் என்பதே ரசலிடமிருந்து வந்த விடை.

அனைவரும் அமைதி காத்தனர் என்று கூறுவதும் நேர்மையாகாது. கிறிஸ்டியன் மொல்லர் 1935ஆம் ஆண்டிலேயே சந்திரசேகருடன் இணைந்து ஓர் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். ருடோல்ஃப் பையர்ல்ஸ் 1936இல் அச்சமன்பாட்டுக்கு ஆதரவாக எழுதினார். பின்னர் 1942இல் டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவரும் எடிங்டனின் கருத்தை மறுத்துக் கட்டுரை வெளியிட்டனர். ஆகவே, உண்மையை அறிந்தோர் இருந்தனர். தாளில் எழுதியோரும் இருந்தனர். இளையவர் ஒருவர் தனித்து நின்ற அந்த அவையில், அந்த நேரத்தில், அவருக்காகப் பேசும் இரண்டாவது குரல் மட்டும் எழவில்லை.

இரண்டாவது குரலின் வலிமையை உளவியல் ஆய்வுகள் உணர்த்துகின்றன. சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், அவையோர் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை கூறும்போது தனித்திருந்தவர் பலமுறை அவர்களுக்கு இணங்கினார். சரியான விடை கூறும் ஒருவர் உடனிருந்தபோதோ அவ்விணக்கம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. லட்டானேயும் டார்லியும் 1968இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு புறத்தைக் காட்டுகிறது. அறைக்குள் புகை நுழையும்போது தனியாக இருந்தோரில் 75 விழுக்காட்டினர் எழுந்து சென்று தெரிவித்தனர். அசையாதிருக்குமாறு முன்னரே பணிக்கப்பட்ட இருவருடன் அமர்ந்தோரில் 10 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். பிறரின் அமைதியைக் கண்டு, இங்கே ஒன்றும் நிகழவில்லை போலும் என்று ஒவ்வொருவரும் முடிவுசெய்கின்றனர். ஆக, அவையின் அமைதி என்பது பல தனிமனிதர்களின் கோழைத்தனத்தைக் கூட்டி வருவதன்று. ஒருவர் மற்றவரைப் பார்த்து உருவாக்கிக்கொள்வது.

வாலியும் மில்லரும்

இந்நிகழ்வை எழுதியோருள் இருவரை ஒப்பிடலாம். காமேஷ்வர் வாலி 1991இல் வெளியிட்ட சந்திரசேகர் வாழ்க்கை வரலாறு நேர்காணல்களையும் மடல்களையும் அடிப்படையாகக் கொண்டது. ரோசன்ஃபெல்டின் மடல்கள் அதில் இடம்பெறுவதால், அருகிருந்தோரின் உள்ளம் நமக்குத் தெரியவருகிறது. தீர்ப்புக் கூறாமல் மடல்களைப் பேசவிடுவது வாலியின் சிறப்பு. குறை என்னவெனில், சந்திரசேகரின் பெருந்தன்மை நூல் முழுதும் ஓங்கி நிற்பதால், பிறரின் அமைதி அப்பெருந்தன்மைக்குப் பின்புலமாகத் தேய்ந்துவிடுகிறது. எடிங்டன் 1944இல் மறைந்தபோது அவரைப் புகழ்ந்துரைத்தவர் சந்திரசேகர். எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் ஆற்றியவரும் அவரே. மன்னிக்கப்பட்ட கதையில் கணக்குக் கேட்கும் இடம் குறைந்துவிடுகிறது.

ஆர்தர் மில்லர் 2005இல் வெளியிட்ட நூல் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. இன வேறுபாட்டையும் பேரரசின் பின்புலத்தையும் அவர் அழுத்திக் காட்டுகிறார். அதற்கான தேவை இருந்தது. ஆனால், கருந்துளை ஆய்வே பல பத்தாண்டுகள் பின்தங்கியதற்கு எடிங்டனே காரணம் என்னும் அளவுக்கு வழக்கை அவர் கொண்டுசெல்வதை ஏற்பதற்கில்லை. 1939இலேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் விண்மீனின் ஈர்ப்புச் சரிவைப் பற்றி எழுதிவிட்டனர். பின்னர்ப் போர் குறுக்கிட்டது. மேலும், ஒருவரைப் பகைவராக்கும் கதை மற்ற அனைவரையும் விடுவித்துவிடுகிறது. எடிங்டனின் ஏளனம் அவ்வளவு நீண்ட நிழலை வீழ்த்தியது எனில், வெளிச்சத்தைக் கையில் வைத்திருந்தோர் அதனை உயர்த்திப் பிடிக்கவில்லை என்பதே பாதிக் காரணம்.

அருகிருந்தோர் இனப்பாகுபாட்டால்தான் அமைதி காத்தனர் என்று நாம் கூறவரவில்லை. துறை எல்லை, மூத்தவர் மீதான மதிப்பு, வேலைப்பளு முதலியன அவர்களைத் தடுத்திருக்கலாம். ஆனால், அமைதியின் காரணம் எதுவாயினும் அதன் விளைவு ஒன்றே. இளைஞர் ஒருவர் 1939இல் தம் முடிவுகளையெல்லாம் ஒரு நூலாகத் தொகுத்துவிட்டு, அப்பொருளை விட்டு வேறு ஆய்வுக்குச் சென்றார். ஒதுக்குதலுக்குத் தீய எண்ணம் உடையோர் பலர் வேண்டியதில்லை; நல்லெண்ணம் உடையோர் பலர் பேசாதிருந்தால் போதும்.

சிரிப்பில் பங்கேற்கும் வாசகர்

அருகிருந்தோர் நூலுக்குள் மட்டும் இல்லை. வாசகரும் அவ்வரிசையில் அமர்த்தப்படலாம். ஜேம்ஸ் வாட்சன் 1968இல் வெளியிட்ட 'இரட்டைச் சுருள்' இதற்குத் தக்க சான்று. டி.என்.ஏ. கட்டமைப்பைக் கண்டறிந்த கதையைக் கூறும் அந்நூல், விறுவிறுப்பான நடையால் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அதில் ரோசலின் ஃபிராங்க்ளின் தாம் விரும்பாத ஒரு செல்லப்பெயரால் சுட்டப்படுகிறார். அவருடைய உடையும் தோற்றமும் எள்ளலுக்கு உள்ளாகின்றன. நகைச்சுவை நன்றாக எழுதப்பட்டிருப்பதால் வாசகர் சிரிக்கிறார். அச்சிரிப்பின்போது அவர் இலண்டன் அவையில் எடிங்டனின் பேச்சை இரசித்தோர் வரிசையில் தம்மை அறியாமலே அமர்ந்துவிடுகிறார்.

ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் கோஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம், 1953 ஜனவரியில் மோரிஸ் வில்கின்ஸால் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. இதனை ஃபிராங்க்ளின் அறியார். அவர் 1958இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் சென்றது. வாட்சனின் நூல் வெளிவருமுன் கிரிக்கும் வில்கின்ஸும் கடுமையாக எதிர்த்தனர்; ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் நூலைக் கைவிட்டது; வேறொரு பதிப்பகம் அதனை வெளியிட்டது. நூலின் முடிவுரையில் வாட்சன் ஃபிராங்க்ளினைப் பற்றித் தம் தொடக்கக் கருத்துகள் தவறாக இருந்தன என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால், நூல் முழுதும் எழுப்பிய சிரிப்பை இறுதிப் பக்கங்கள் திரும்பப் பெற இயலவில்லை.

ஃபிராங்க்ளினின் தோழி ஆன் சேயர் 1975இல் எழுதிய நூலை நாம் ஓர் இடைபுகுதலாகவே காண்கிறோம். அருகிலிருந்த ஒருவர் காலம் தாழ்ந்தேனும் எழுந்து, நீங்கள் சிரிப்பது நான் அறிந்த பெண்ணைப் பார்த்தன்று என்று கூறுவதைப் போன்றது அது. 2002இல் வெளிவந்த பிரெண்டா மேடாக்ஸின் வரலாறு இன்னும் நிதானமானது. ஃபிராங்க்ளினை வெறும் பாதிக்கப்பட்டவராகச் சுருக்காமல், நிலக்கரி பற்றியும் நச்சுயிரிகள் பற்றியும் அவர் செய்த பணிகளை உரிய இடத்தில் வைக்கிறது. பரிவு மட்டும் போதாது; பணியை எடுத்துக்கூறுவதே உண்மையான துணை என்பதற்கு மேடாக்ஸ் எடுத்துக்காட்டு.

மடல் எழுதியவரும் பெயர் கொடுத்தவரும்

பேசியவர்களும் வரலாற்றில் உள்ளனர். 1903ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் பரிந்துரைத்த மடலில் பெக்கெரலும் பியேர் கியூரியும் மட்டுமே இடம்பெற்றிருந்தனர். கதிரியக்க ஆய்வைத் தொடங்கி நடத்திய மேரி கியூரியின் பெயர் இல்லை. ஒப்பமிட்டோருள் ஹென்றி புவன்கரேயும் காப்ரியேல் லிப்மனும் அடங்குவர். லிப்மன் மேரியின் ஆசிரியர்; அவருடைய ஆய்வைக் கழகத்தில் முன்வைத்தவரும் அவரே. ஆக, அறியாமையால் நிகழ்ந்த விடுபாடு அன்று இது.

சுவீடனைச் சேர்ந்த கணித அறிஞர் கோஸ்டா மிட்டாக்-லெஃப்லர் இதனை அறிந்து பியேருக்கு மடல் எழுதினார். தம்மைக் கருதுவதாயின் மேரியோடு சேர்த்தே கருதவேண்டும் என்று பியேர் விடை எழுதினார். முந்தைய ஆண்டு மேரிக்காகச் செய்யப்பட்டிருந்த பரிந்துரை ஒன்று கணக்கிற்கொள்ளப்பட்டு, மூவருக்கும் பரிசு பகிரப்பட்டது. இங்கே நிகழ்ந்தவை பெரும் போராட்டங்கள் அல்ல, இரண்டு மடல்கள். அவை முடிவு எடுக்கப்படுமுன் எழுதப்பட்டன என்பதே அவற்றின் வலிமை. மிட்டாக்-லெஃப்லர் அதற்கு முன்னரே சோஃபியா கொவலெவ்ஸ்கயாவுக்கு ஸ்டாக்ஹோமில் கற்பிக்கும் பணி கிடைக்க முயன்று வெற்றி கண்டவர். ஒருமுறை பேசிப் பழகிய நா மறுமுறை எளிதில் எழுகிறது போலும்.

கோட்டிங்கனில் எம்மி நோதருக்கு நிகழ்ந்ததும் கருதத்தக்கது. டேவிட் ஹில்பர்ட்டும் ஃபீலிக்ஸ் கிளைனும் 1915இல் அவரை அழைத்தனர். பெண்ணுக்குக் கற்பிக்கும் உரிமை வழங்கக் கூடாது என்று ஆசிரியர் குழுவில் எதிர்ப்பு எழுந்தது. ஹில்பர்ட் எதிர்த்து வாதிட்டதோடு நில்லாமல், வகுப்புகளைத் தம் பெயரில் அறிவிக்கச் செய்து நோதரைக் கற்பிக்க வைத்தார். 1919இல்தான் அவ்வுரிமை நோதருக்குக் கிடைத்தது. ஹில்பர்ட்டின் செயலைப் போற்றும் நூல்கள், நோதர் அவ்வாண்டுகளில் ஊதியமின்றிப் பணியாற்றினார் என்பதையும் உடன் கூறவேண்டும். துணைநின்றவரின் பெயரில் மறைந்து நிற்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே. அரைகுறைத் துணையை இகழ வேண்டியதில்லை; முழுத்துணை என்று மயங்கவும் கூடாது.

கேளாமல் பேசியவர்

இடைபுகுதல் எப்போதும் நன்மையே என்று கொள்வதற்கும் இல்லை. ஜோசலின் பெல் பர்னல் 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வரைதாளில் பதிவான சிறு குறியொன்றைத் தொடர்ந்து கவனித்துத் துடிவிண்மீனைக் கண்டறிந்தார். 1974இல் நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. ஃபிரெட் ஹோய்ல் 1975இல் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். உழையிருந்தார் கடனை ஆற்றியவர் என்று அவரைக் கூறலாம். ஆனால், விவாதம் விரைவில் இரு பெரியவர்களுக்கு இடையிலான வழக்காக மாறிற்று. பெல் பர்னலோ 1977இல் ஆற்றிய உரையில், மிக அரிதான சூழல்களில் தவிர ஆராய்ச்சி மாணவருக்கு நோபல் வழங்குவது பரிசின் தகுதியைக் குறைக்கும் என்றும், தம் நிலை அத்தகைய அரிதானதன்று என்றும் கூறினார்.

அவர் கூற்றை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், யாருக்காகப் பேசுகிறோமோ அவரைப் பேசவிடாத பேச்சு எத்தகையது என்னும் வினாவை அது எழுப்புகிறது. 2018இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசுத் தொகையை, இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவினரின் ஆராய்ச்சிக் கல்விக்கு அவர் வழங்கினார். தமக்கு நேர்ந்ததைப் பற்றி அவர் தந்த விடை அதுவே எனலாம். புறநானூற்றின் 46ஆம் பாடலில் கோவூர் கிழார், மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முற்பட்ட கிள்ளிவளவனைத் தடுக்கிறார். அங்கே புலவரின் பேச்சு தம் புலமையைப் பற்றியதன்று. யானையைக் கண்டு அழுகை மறந்த சிறுவர்களைக் காட்டுகிறது. பேசுபவர் பின்னே நின்று, பேசப்படுபவர் முன்னே தெரியும் வகையில் அமைந்த இடைபுகுதலுக்கு அதனினும் சிறந்த சான்றை நாம் அறியோம்.

நம் கணக்கு

இவற்றையெல்லாம் தொலைவில் நின்று மதிப்பிடும் தகுதி நமக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், பல துறை ஆராய்ச்சி மாணவர்கள் கூடும் கருத்தரங்கு ஒன்றில் நாம் அமர்ந்திருந்தோம். பொறியியல் துறை மாணவி ஒருவர், அவையில் காட்டப்பட்ட சோதனையில் உள்ள பிழையொன்றைச் சுட்டினார். தலைவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். பத்து நிமிடம் கழித்து ஆடவர் ஒருவர் அதையே கூற, மிக நுட்பமான கருத்து என்று தலைவர் பாராட்டினார். நாம் அதனைக் கவனித்தோம், குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டோம். இலக்கிய மாணவர் பொறியியல் விவாதத்தில் வாய்திறப்பது முறையா என்று எண்ணி அமைதியாக இருந்தோம்.

இடைவேளையில் நடைவழியில் அவரைக் கண்டு, நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள் என்றோம். அவர் புன்னகைத்து, அதை உள்ளே சொல்லியிருக்கலாமே என்றார். ரோசன்ஃபெல்டின் மடல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்நடைவழி நம் நினைவுக்கு வருகிறது. தனியே கூறும் ஆறுதல், கூறுபவரின் மனச்சுமையைக் குறைக்கிறது. கேட்பவரின் நிலையை மாற்றுவதில்லை. அன்று தேவைப்பட்டது பொறியியல் அறிவும் அன்று. இக்கருத்தை முதலில் கூறியவர் அவர் என்னும் ஒரு வாக்கியமே.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இவ்வரலாறுகளை விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. வேறு வினாக்களோடு கற்பிக்க வேண்டும் என்பதே. சந்திரசேகர் கதையிலிருந்து பொறுமையை மட்டும் பிழிந்தெடுப்பது, பாதிக்கப்படுவோருக்கே மேலும் ஒரு கடமையைச் சுமத்துவதாகும். வகுப்பில் உள்ள நாற்பது மாணவரில் சந்திரசேகர் நிலைக்கு ஆளாவோர் ஓரிருவரே. ஏனைய அனைவரும் அவையில் இருப்பவர்களே. பெரும்பான்மையோருக்குரிய பாடத்தை நாம் கற்பிப்பதே இல்லை.

ஆகவே, இத்தகைய பாடங்களில் நான்கு வினாக்களைச் சேர்க்கலாம். அறையில் வேறு யார் இருந்தனர்? அவர்களுக்கு என்ன தெரியும்? எந்த நேரத்தில், எந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கும்? அவ்வாக்கியம் பாதிக்கப்பட்டவரை முன்னிறுத்துமா, பேசுபவரையா? இவ்வினாக்களைக் கொண்டு பாரதியின் பாஞ்சாலி சபதத்தையும் மீண்டும் வாசிக்கலாம். வீதியில் நின்ற மக்களைப் பாரதி கடிந்துரைக்கும் இடத்தை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அவையில் எழுந்து பேசிய விகர்ணனைப் பற்றிக் குறைவாகவே கற்பிக்கிறோம். விகர்ணனின் பேச்சும் அதற்கு அவையோர் காட்டிய எதிர்வினையும் உயர்நிலை மாணவர் விவாதிக்கத் தக்க பொருள்.

அருகிருந்தோரைக் கொடியவராக்கிக் காட்டுவதையும் ஆசிரியர் தவிர்த்தல் வேண்டும். நியூயார்க்கில் 1964இல் நிகழ்ந்த ஒரு கொலையை 38 பேர் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தனர் என்னும் நாளிதழ்ச் செய்தி பாடநூல்களில் பல பத்தாண்டுகள் இடம்பெற்றது. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அத்தகைய மிகை, அமைதியாக இருப்போர் நம்மைப் போன்றவர் அல்லர் என்னும் பொய்யான ஆறுதலைத் தருகிறது. போரும் பவுலியும் ரசலும் கொடியவர்கள் அல்லர். அவர்கள் நம்மைப் போன்றவர்கள் என்பதனால்தான் அவர்களைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது.

முடிவுரை

அறிவியலாளர் வாழ்க்கை வரலாறுகளை அருகிருந்தோரின் நோக்கில் வாசிக்கும்போது மூன்று உண்மைகள் புலனாகின்றன. அமைதி பெரும்பாலும் அறியாமையால் விளைவதன்று. அறிந்தோரின் அமைதியே ஒதுக்குதலை நிலைபெறச் செய்கிறது. பயனுள்ள இடைபுகுதல் சிறியதாகவும் உரிய நேரத்திலும் அமைகிறது. அது பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு இடம் தருகிறது. அக்குரலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. இவற்றுள் வாலி முதலாவதற்கான சான்றுகளைத் தருகிறார். மேடாக்ஸ் மூன்றாவதை எழுத்தில் செய்துகாட்டுகிறார். வாட்சனின் நூலோ, நல்ல நடை வாசகரை எத்துணை எளிதில் அமைதியான உடன்பாட்டுக்கு இழுத்துவிடும் என்பதை உணர்த்துகிறது.

பேச்சுப் போட்டியில் அம்மாணவிக்கு நாம் இரண்டாம் பரிசு வழங்கினோம். உச்சரிப்பிலும் நேரக் கட்டுப்பாட்டிலும் சில புள்ளிகள் குறைந்தன. மதிப்பெண் தாளில், நடுவரின் வினாவுக்கு அவர் தந்த விடைக்கு இடமில்லை. இருந்திருந்தால் நாம் என்ன வழங்கியிருப்போம் என்பதை இக்கட்டுரையைப் படித்த ஆசிரியர்கள் அறிவர். அம்மாணவி சொன்ன பெயர்களைப் புத்தகத்தில் சேர்க்கும் பணி இனி நம்முடையது.